சிறைப்பட்ட சிப்பாயும் எட்டாத பதவியும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படையிடம் பிடிபட்டுத் திரும்பிய இந்தியச் சிப்பாய்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்திய தேசிய ராணுவத்தின் வீரத்தையோ சிறைமுகாம்களின் துயரத்தையோ எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். சிறையிலிருந்த ஆண்டுகளில் ஒரு சிப்பாய்க்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய பதவி உயர்வு என்னவாயிற்று, பிற்காலத்தில் அதைக் கேட்டு விண்ணப்பித்தவருக்கு அரசும் நீதிமன்றமும் என்ன விடை வைத்திருந்தன என்பது அதிகம் பேசப்படாத செய்தி. போர்க்களத்தில் எதிரியின் கைக்குள் சிக்கி, போர் முடியும்வரை அவன் காவலில் வைக்கப்படும் படைவீரரையே போர்க்கைதி என்கிறோம். அத்தகையவரில் ஒரு பகுதியினருக்குத் தியாகி ஓய்வூதியமும் பாராட்டுப் பட்டயமும் காலம் கடந்தேனும் வழங்க முன்வந்த இந்திய அரசு, காலம் கடந்த பதவியை மட்டும் வழங்க முன்வரவில்லை. அதற்கான காரணங்கள் காலனிய ராணுவத்தின் அமைப்பிலேயே வேர் கொண்டவை. தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய பழைய மதுரை மாவட்டத்தைப் போன்ற, படைக்கு ஆள் கொடுத்த சிற்றூர்ப் பகுதிகளிலிருந்து பார்க்கும்போது அந்தக் காரணங்கள் தெளிவாகத் துலங்குகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை இருபோகம் விளையும் வயல்களுக்கு நீர் தரும் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் ராணுவப் பொறியாளர். இன்றும் இப்பகுதி மக்கள் அவரைக் கர்னல் என்றே குறிப்பிடுகிறார்கள். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்தக் கட்டுமானத்தில், காட்டுக்குள் வந்து வேலை செய்யக் கூலியாட்கள் தயங்கிய தொடக்கக் கட்டத்தில், மெட்ராஸ் பயனியர்ஸ் என்னும் படைப்பிரிவின் 1ஆம், 4ஆம் பட்டாலியன்களின் வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பயனியர்ஸ் என்போர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் ஏந்தி, படைக்கு முன்னே சென்று பாதையும் பாலமும் அமைக்கும் காலாட்படையினர். ஆயினும் 1880களில் சென்னைப் படையின் தளபதியாகவும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் போன்றோர், வடமேற்கு இந்தியச் சாதிகளும் இனங்களுமே பிறவியிலேயே போருக்கு ஏற்றவை என்னும் 'போர்க்குடி' கொள்கையை வலியுறுத்தி, தென்னிந்தியக் காலாட்படையைப் படிப்படியாகச் சுருக்கினர். பெரியாற்றில் கல் சுமந்த பயனியர்ஸ் படையும் 1933இல் கலைக்கப்பட்டது. பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட மெட்ராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை மட்டுமே தமிழர்கள் பெருமளவில் சேரக்கூடிய போர்ப்பிரிவாக எஞ்சியது.

1939இல் தொடங்கிய போர் இந்த நிலையை மாற்றியது. வடக்கே மட்டும் ஆள் திரட்டிப் போதாது என்று கண்ட அரசு மெட்ராஸ் ரெஜிமெண்டை 1941இல் மீண்டும் உருவாக்கி, கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில் அதற்குப் பயிற்சி மையம் அமைத்தது. போர் முடிந்தபின் அம்மையம் நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறியது. சப்பர்ஸ், போக்குவரத்து, மருத்துவம், தளவாடம் ஆகிய பிரிவுகளுக்கும் சென்னை மாகாணத்தின் மாவட்டந்தோறும் ஆள் எடுக்கப்பட்டது. போர் இந்தப் பள்ளத்தாக்கின் இருப்புப் பாதையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஏலக்காய்ச் சந்தையான போடிநாயக்கனூரை மதுரையோடு 1928இல் இணைத்த ரயில் பாதை போர்க்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களின் நடுவில்தான் மறுபடி இடப்பட்டது. தண்டவாளம் திரும்பி வந்ததற்குப் பொதுப்பணிக் கணக்கில் இடம் இருந்தது. போருக்குப் போன சிப்பாய் இழந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுத் திருப்பித் தர அப்படியொரு ஏற்பாடு இருக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ளப் படையின் பதவிப் படிநிலையை அறிந்திருக்க வேண்டும். காலனிய இந்திய ராணுவத்தில் ஒருவர் சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என ஏறி, அதற்கு மேல் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் இடைநிலை அதிகாரப் பதவிகளை எட்டலாம். ஜமேதார் என்ற பதவியே 1965இல் நாயப் சுபேதார் என்று பெயர் மாறியது. இந்த ஏணிக்கு அப்பால், மன்னரின் நேரடி ஆணை பெற்ற லெப்டினண்ட், கேப்டன், மேஜர் முதலிய அதிகாரிகளின் ஏணி தனியாக இருந்தது. இரண்டிலும் பதவி உயர்வின் முறை வேறு. அதிகாரிகள் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தால் கேப்டனாகவும் பின்னர் மேஜராகவும் உயர்வது கால அளவைப் பொறுத்தது என்பதால், சிறையிலிருந்த காலமும் பணிக்காலமாகவே ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாய்க்கோ, தன் பட்டாலியனில் ஓர் இடம் காலியாக வேண்டும், அதற்கான பயிற்சி வகுப்பில் தேற வேண்டும், கட்டளை அதிகாரி அவரைப் பரிந்துரைக்க வேண்டும். பட்டாலியனே சிறைப்பட்டுவிட்டால் காலியிடமும் இல்லை, வகுப்பும் இல்லை, பரிந்துரைக்கும் அதிகாரியும் இல்லை.

பதவி எங்கே பிறக்கிறது என்பதையும் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவருடைய ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில் 'ஷீட் ரோல்' என்னும் பணிப்பதிவேடு உண்டு; பெயர், ஊர், தந்தை பெயர், உடல் அடையாளம், சேர்ந்த நாள், பெற்ற விடுப்பு, தண்டனை, பதவி, குடும்ப வாரிசு ஆகிய அனைத்தும் அதில் பதிவாகும். பதவி உயர்வு அதில் ஏற வேண்டுமானால், படைப்பிரிவு வெளியிடும் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் அன்றாட ஆணைத்தாளில் அது முதலில் அச்சாகியிருக்க வேண்டும். அந்த ஆணையில் வராத உயர்வு, களத்தில் தளபதி வாய்மொழியாகக் கொடுத்ததாகவே இருந்தாலும், காகிதத்தில் இல்லாததாகவே கருதப்படும். தோல்வியடைந்து பின்வாங்கும் படையில் முதலில் எரிக்கப்படுவது அலுவலகக் காகிதங்கள்தான். ஆகவே, மலேயாப் போரின் கடைசி வாரங்களில் பொறுப்பு நாயக்காகவோ பொறுப்பு ஹவில்தாராகவோ பணியாற்றிய பலர், சிறையிலிருந்து மீண்டபோது ஏட்டில் பழைய சிப்பாயாகவே இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படையினர் திரட்டப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரால் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடமும், அவரால் கேப்டன் மோகன் சிங்கிடமும் ஒப்படைக்கப்பட்டனர். அன்று முதல் கைதிகளின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஜப்பானியர் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்க்க அமைந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய பதவிகள் கிடைத்தன. பிரிட்டிஷ் படையில் கேப்டனாக இருந்த மோகன் சிங் அங்கே ஜெனரலானார், கேப்டன் ஷா நவாஸ் கான் பின்னர் மேஜர் ஜெனரலானார், இடைநிலைப் பதவியினர் பலர் அதிகாரிகளாயினர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றபின், மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அப்படையில் சேர்ந்தனர். இவர்கள் பிரிட்டிஷ் படையில் ஒருபோதும் இருந்தவர்கள் அல்லர் என்பதால் போர்க்கைதி என்னும் வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் பெற்ற ஒரே பதவி போஸ் கொடுத்த பதவிதான்.

சேர மறுத்தவர்களின் பாதை கொடியது. ஜப்பான் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா போர்க்கைதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. மறுத்தவர்களில் பல ஆயிரம் பேர் நியூ கினி, நியூ பிரிட்டன் முதலிய பசிபிக் தீவுகளுக்கு உழைப்புப் படையாகக் கப்பலேற்றப்பட்டனர். நியூ கினியின் வேவாக் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஏறத்தாழ 3,000 இந்தியர்களில் 1945இல் உயிரோடு மீட்கப்பட்டோர் சுமார் 200 பேர் மட்டுமே. பட்டினியாலும் நோயாலும் அடியாலும் இறந்த இவர்கள் தங்கள் அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்கள். ஆயினும் அந்த விசுவாசத்துக்காக ஒரு படிகூட உயராமலேயே அவர்களின் பணிப்பதிவேடு மூடப்பட்டது.

திரும்பிவந்த கைதிகளைப் பிரிட்டிஷ் உளவுத்துறை வெள்ளை, சாம்பல், கருப்பு என மூன்று வகையாகப் பிரித்தது. எதிரியோடு சேராதவர் வெள்ளை, வற்புறுத்தலாலோ தவறான வழிகாட்டுதலாலோ சேர்ந்ததாகக் கருதப்பட்டவர் சாம்பல், மனமுவந்து போரிட்டவர் கருப்பு. வெள்ளை வகையினர் படைக்குத் திரும்பலாம். சாம்பல் வகையினரில் பெரும்பாலோர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். கருப்பு வகையினர் பணிநீக்கம் செய்யப்பட்டுச் சிறைக்காலச் சம்பளத்தையும் இழந்தனர். 1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் சாட்டப்பட்டபோது, குற்றப்பத்திரிகை அவர்களைக் கேப்டன், கேப்டன், லெப்டினண்ட் என்னும் பழைய பதவிகளிலேயே குறிப்பிட்டது. தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரி 3 அன்று ஆயுள் தண்டனையை நீக்கினாலும், பதவி பறிப்பையும் சம்பளப் பாக்கி பறிமுதலையும் உறுதிசெய்தார். நாடே அவர்களை வீரர்களாகக் கொண்டாடிய நாளிலும் படையின் ஏட்டில் அவர்கள் பதவி இழந்தவர்களாகவே இருந்தனர். 1948 மார்ச்சில் பிரதமர் நேரு, இந்திய தேசிய ராணுவத்தினர் மீதிருந்த களங்கம் நீங்கும், அவர்கள் பிற அரசுப் பணிகளில் சேரலாம், ஆனால் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று அறிவித்தார். பணியே மீளாதபோது பதவி உயர்வு கேட்க இடமில்லாமல் போயிற்று.

சிறைவாசம் எல்லோருடைய பதவியையும் இப்படி முடக்கிவிடவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1942 மே மாதம் லிபியப் பாலைவனப் போரில் பீரங்கிப் படை மேஜராகப் போரிட்டுச் சிறைப்பட்டார். அந்தப் போருக்காகவே அவருக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. இத்தாலியச் சிறைமுகாமிலிருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனியின் 'ஸ்டாலாக் லுஃப்ட் 3' முகாமில் போர்க்காலத்தைக் கழித்த அவர், 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். சிறைப்பட்டது அவருடைய நேர்மையையோ திறமையையோ குறைத்துவிடவில்லை என்று படை ஏற்றுக்கொண்டது நியாயமே. அதே தர்க்கம் அவருடன் பாலைவனத்தில் பிடிபட்ட சாதாரண வீரர்களுக்கும் பொருந்தும் என்றாலும், அவர்களின் ஏணி வேறாக இருந்ததால் அது பொருந்தாமல் போயிற்று.

வெளிநாடுகளிலும் இதே முரண் காணப்படுகிறது. பிலிப்பைன்ஸில் சரணடைந்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஜப்பானியச் சிறையிலிருந்த அமெரிக்கத் தளபதி ஜொனத்தன் வெயின்ரைட், விடுதலையான சில நாள்களிலேயே, 1945 செப்டம்பரில், நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்த்தப்பட்டார். ஜப்பான் சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்ட மேடையில் அவருக்கு அருகில் நின்ற ஆர்தர் பெர்சிவல், சிங்கப்பூரை ஒப்படைத்த பிரிட்டிஷ் தளபதி, 1946இல் ஓய்வுபெற்றபோது லெப்டினண்ட் ஜெனரல் என்னும் பட்டத்தைக் கௌரவமாக மட்டும் பெற்றார்; ஓய்வூதியம் அவருடைய நிலையான பதவியான மேஜர் ஜெனரலுக்கே கணக்கிடப்பட்டது. பட்டம் ஒன்று, பணம் வேறு என்னும் இந்தப் பிரிப்பு, பின்னர் இந்தியச் சிப்பாய்களின் விண்ணப்பங்களுக்கும் அடிநாதமாயிற்று. சிறையில் இருக்கும்போதே உயர்வு பெறலாம் என்னும் கருத்துக்குச் சர்வதேசச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்தது 1949இல்தான். மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 43ஆம் பிரிவு, கைதியின் சொந்த நாடு முறையாக அறிவிக்கும் பதவி உயர்வைச் சிறைப்படுத்திய நாடு ஏற்க வேண்டும் என்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு 1950இல் ஒப்புதல் அளித்தது. 1942இல் பிடிபட்டவருக்கு அது காலம் தாழ்ந்த சட்டம்.

போருக்குப் பின் சொந்த ஊர் திரும்பியவர்களுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. சிப்பாய்க்கு ராணுவ ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி தேவை என்பது பொது விதி. போர்க்கால ஆள்சேர்ப்பில் சேர்ந்து 1946இல் விடுவிக்கப்பட்டவர்களுக்கு அத்தனை ஆண்டுகள் சேர வாய்ப்பே இல்லை. எனவே பெரும்பாலோர் பணிக்கொடை என்னும் ஒருமுறைத் தொகையோடு ஊர் வந்தனர். பின்னாளில் அரசு திறந்த கதவு தியாகி ஓய்வூதியம். 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறைந்த விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மாதம் 200 ரூபாய் வழங்கியது. 1980 ஆகஸ்டில் வருமான வரம்பு நீக்கப்பட்டது. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் என்னும் நிபந்தனை இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் பொருந்தியது. கவனிக்க வேண்டியது, இங்கே எண்ணப்படும் சிறைவாசம் பிரிட்டிஷார் வைத்த சிறைவாசம். ஜப்பானியரிடம் கைதியாக இருந்த காலம் கணக்கில் வராது. ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் படைக்குப் போன இருவரில், போஸின் படையில் சேர்ந்தவர் தியாகியாக ஓய்வூதியம் பெற முடிந்தது. சேராமல் பசிபிக் தீவில் பட்டினி கிடந்து மீண்டவருக்கு அத்தகைய பெயரும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் தமிழக அரசு பிற்காலத்தில் வழங்கிய மாத உதவித்தொகை மட்டுமே இந்த இடைவெளியைச் சிறிதளவு நிரப்பியது.

காந்திக்குக் கோயில் எழுப்பிய காமயகவுண்டன்பட்டி இருக்கும் பள்ளத்தாக்கில், போஸும் முத்துராமலிங்கத் தேவரும் வீட்டுச் சுவர்ப் படங்களாக விளங்கும் வட்டாரத்தில், தியாகி என்னும் சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு மனுவோடு இணைக்கும் சான்றாகாது. விண்ணப்பதாரர் சிறைச் சான்றிதழோ, அது கிடைக்காவிடில் உடன் சிறையிலிருந்தவரின் சான்றோ தர வேண்டியிருந்தது. 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காகத் தியாகி ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், குற்ற வழக்கில் கேட்பதுபோன்ற கடுமையான சான்றை இத்தகையோரிடம் எதிர்பார்க்கக் கூடாது என்றது. ஓய்வூதியம் என்னும் வாயிலை நீதிமன்றங்கள் இவ்வாறு அகலத் திறந்தன.

பதவி என்னும் வாயிலில் நிலைமை நேர்மாறானது. தாமதமான ராணுவக் கோரிக்கைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008இல் தர்செம் சிங் வழக்கில் வகுத்த நெறி இதன் திறவுகோல். ஓய்வூதியம் மாதந்தோறும் நிகழும் உரிமை என்பதால், அதில் இழைக்கப்பட்ட தவறு ஒவ்வொரு மாதமும் புதிதாக நிகழ்கிறது. ஆகவே தாமதமாகக் கேட்டாலும் பரிசீலிக்கலாம், பாக்கித்தொகையை மட்டும் வழக்கு தொடுப்பதற்கு முந்தைய மூன்றாண்டுக்குக் கட்டுப்படுத்தலாம். முதுநிலையோ பதவி உயர்வோ கேட்டால் அது மற்றவர்களின் இடத்தைப் பாதிக்கும் என்பதால், தாமதம் அக்கோரிக்கையைக் காலாவதியாக்கிவிடும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயமும், சென்னையில் உள்ள அதன் கிளை உள்பட, இந்த நெறியைப் பின்பற்றும் கடப்பாடுடையது. அங்கே மனுச் செய்யச் சட்டம் தரும் கால வரம்பு பொதுவாக ஆறு மாதம். போரில் இழந்த ஆண்டுகளைப் பல பதிற்றாண்டுகள் கழித்துக் கேட்பவர் இந்த வரம்பின் முன் நிற்கவே முடியாது. பதவியும் பணமும் பின்னிக் கிடந்ததும் கோரிக்கையைக் கடினமாக்கியது: பல காலம் நடைமுறையிலிருந்த விதிப்படி, ஒரு பதவியில் குறைந்தது பத்து மாதம் இருந்தவருக்கே அதற்குரிய ஓய்வூதியம் கிடைக்கும்.

இழப்பீடு என்னும் இன்னொரு வழியும் இந்தியக் கைதிகளுக்குத் திறக்கவில்லை. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானோடு தனியாகச் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தத்தில் இந்தியா போர் இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தது. பிரிட்டிஷ் அரசு 2000ஆம் ஆண்டு, ஜப்பானியச் சிறையிலிருந்த தன் வீரர்களுக்குத் தலா 10,000 பவுண்டு அறிவித்தபோது பழைய இந்திய ராணுவத்தினர் அதில் சேர்க்கப்படவில்லை. விலக்கப்பட்ட கூர்க்கா வீரர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 2002இல் வென்றனர்.

ஆயினும், காலம் கடந்த பதவி என்பது இந்திய ராணுவத்தில் நடக்காத ஒன்று என்று சொல்ல முடியாது. 1953இல் ஓய்வுபெற்ற கே.எம். கரியப்பா, 33 ஆண்டுகளுக்குப் பின், 1986இல் ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தப்பட்டார். ஆண்டுதோறும் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் சுபேதார்கள் பலருக்குக் கௌரவ லெப்டினண்ட், கௌரவ கேப்டன் பதவிகள் வழங்கப்படுகின்றன. ஓய்வுபெறும் ஹவில்தார்களுக்குக் கௌரவ நாயப் சுபேதார் பதவி உண்டு. 2006 முதல் அப்பதவிக்கு ஏற்ற ஓய்வூதியமும் சேர்க்கப்பட்டது. 2019 குடியரசு நாள் அணிவகுப்பில் இந்திய தேசிய ராணுவத்தின் முன்னாள் வீரர்கள் நால்வர் முதன்முறையாக இடம்பெற்றனர். இவற்றில் எதுவும் பணியிலிருக்கும் ஒருவருடைய முதுநிலையையும் குறைக்கவில்லை. தர்செம் சிங் தீர்ப்பு எழுப்பும் தடை, பிறருடைய இடத்தைப் பாதிக்கும் உயர்வுக்கே உரியது. கௌரவப் பதவிக்கு அத்தடை பொருந்த நியாயமில்லை.

உரிமை கேட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்ட இன்று, செய்யக்கூடியது ஆவணத்தைத் திருத்துவதே. பெங்களூரிலும் வெலிங்டனிலும் உள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகங்கள் போர்க்கைதிகளாக இருந்தவர்களின் ஷீட் ரோல்களை மறுபார்வை செய்து, சிறைப்படாதிருந்தால் எட்டியிருக்கக்கூடிய பதவியைக் கௌரவமாகப் பதிந்து, அந்த ஆணையின் நகலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாகக் குடும்பங்களிடம் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அரசின் ஓர் ஆணை போதும். தேனி மாவட்டத்தில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள், அதிலுள்ள படை எண்ணையும் படைப்பிரிவின் பெயரையும் முதலில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மனுவுக்கும் அவை இரண்டுமே தொடக்கம்.